செத்துப்போன சவுண்டு

கேள்வி: கல்லூரிக் குறும்படத்துக்காக ராத்திரி முழுக்க விழித்துப் பதிவுசெய்த ஒலியை எடிட்டர் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘சவுண்டு செத்துப்போச்சுடா’ என்கிறானே, ஏன்?
– விஸ்காம் மாணவன், கோவை

பதில்: பலாப்பழத்தைக் கடிதவுறைக்குள் திணித்து அனுப்பினால் சுளையா போய்ச் சேரும்? வாய்ஸ் நோட்டாகப் போனால் நசுங்கித்தான் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. அதை அப்படியே டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். கூடவே, யாரும் பேசாத வெற்று அறையின் ஒலி அரை நிமிடம். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட எடிட்டர் அதைத்தான் தேடுவார். (ஃபேனை நிறுத்திவிட்டுத்தானே பதிவு செய்தீர்கள்?)

பின்னணிக்கு ராஜா பாட்டைச் செருகி யூடியூபில் போட்டால், உங்கள் பேராசிரியருக்கு முன்னால் ஆடியோ கம்பெனி பார்த்துவிடும். சொந்தமாக ஒலி செய்யுங்கள். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு பென் பர்ட், யானையின் பிளிறலையும் ஈரச்சாலையில் கார் ஓடும் சத்தத்தையும் கலந்து விண்கலத்தையே பறக்கவிட்டார். கோவைப் பக்கம் யானைக்குப் பஞ்சமில்லை. அதற்காக மைக்கோடு காட்டுக்குள் போய்விடாதீர்கள்!