பிரித் நூலும் 47ஆம் பிரிவும்

1755இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் ஹெரான் திருமோகூர்க் கோயிலைச் சூறையாடி, சாமி சிலைகளை அள்ளிக்கொண்டு எங்கள் நத்தம் கணவாய் வழியாகப் போனான். கள்ளர்கள் "சாமி, சாமி" என்று கூவியபடி படைமேல் விழுந்து சிலைகளை மீட்டார்கள். பிறகு ஹெரானை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையைவிட்டே அனுப்பியது கும்பெனி. முதல் ஜெனிவா உடன்படிக்கைக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. கொள்ளையடிக்கவே கப்பலேறி வந்தவனுக்கே தன் தளபதியைக் கூண்டில் ஏற்ற முடிந்திருக்கிறது.

இனி சட்டம் முற்றிய காலத்துக்கு வருவோம். 1949ஆம் வருஷ முதலாம் ஜெனிவா உடன்படிக்கையின் 47ஆம் பிரிவு, போர்ச் சட்டத்தைப் படைவீரர்களுக்கும் மருத்துவர்களுக்கும் படையோடு இருக்கும் மதகுருமாருக்கும் கற்றுக்கொடு என்கிறது. நல்ல ஏற்பாடுதான். இலங்கையும் கையெழுத்துப் போட்டது. 2019 செப்டம்பரில் தம்புள்ளையில் பௌத்தத்தையும் போர்ச் சட்டத்தையும் பொருத்திப் பார்க்கச் செஞ்சிலுவைக் குழு மாநாடே கூட்டியது. கொல்லாமை பௌத்தத்தின் முதல் சீலம். அதைப் பிக்குமாருக்கு ஞாபகப்படுத்த ஜெனிவாவிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது! உள்நாட்டுப் போர் நடந்தபோது சிப்பாயின் மணிக்கட்டில், காப்பாக ஓதிய பிரித் நூல் கட்டிய கைகளுக்கு, அந்த மணிக்கட்டுக்குக் கீழே இருந்த துப்பாக்கி கண்ணில் படவில்லை போலும்.

மாநாட்டுக்கு முந்தைய மாதம்தான் சவேந்திர சில்வா ராணுவத் தளபதி ஆனார். அந்தப் போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியில் 58ஆம் படைப்பிரிவை நடத்தியவர். பாரதூரமான மனித உரிமை மீறல் என்று சொல்லி 2020இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் நுழைய விடாத மனிதர். அதே 2020 மார்ச்சில் இன்னொரு பாடம். மிருசுவிலில் ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ஒரே ராணுவ வீரனுக்கு ஜனாதிபதி கோத்தபய பொது மன்னிப்பு வழங்கினார். வகுப்பில் அகிம்சை, வாசலில் விடுதலை.

நாம் மட்டும் யோக்கியமா? நம் இந்திய ராணுவத்திலும் பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரி என்று சம்பளம் வாங்கும் குருமார் உண்டு. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதிப்படை என்று பெயர் சூட்டிக்கொண்டு போன நம் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பாராமல் சுட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட பிணங்கள். ஒருவனுக்கும் தண்டனை இல்லை. எந்தக் குருவும் அதற்காக வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சட்டப் புத்தகம் இல்லாமலே அதன்படி நடந்த ஒரு பாதிரியாரும் இருந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப். 2009 மே 18 அன்று, போரின் முடிவில், வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, அவர்களோடு தானும் பேருந்தில் ஏறினார். கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியம் இது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை.

திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 2022இல் அரசு 321 வீடு கட்டிக்கொடுத்தது, இலங்கையிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்காக. போர்ச் சட்ட வகுப்பு எடுக்கும் புண்ணியவான்களே, ஒருநாள் இந்தப் பக்கம் வந்து இவர்கள் முன்னால் பாடம் நடத்துங்கள். முதல் கேள்வியை நாங்களே தருகிறோம்: அந்தப் பேருந்து எங்கே போனது?