செல்ப் மோட்டாரும் மலைச்சரிவும்: ஓர் ஆய்வு

இஞ்சினை முதல் தடவை சுற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் செல்ப் மோட்டாரின் முழு உத்தியோகம். அமெரிக்காவின் சார்ள்ஸ் கெட்டரிங் 1911இல் இதை உருவாக்க, 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்கள் இதோடு வந்தன. அதுவரை கம்பியைக் கையால் சுழற்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய விமோசனம். கெட்டரிங் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் பிறந்திருந்தால் இந்தச் சிரமமே எடுத்திருக்கமாட்டார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முதற் சான்று, வண்டி நிற்கும் திசை. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் லயத்து வாசலில் ஒரு பழைய வேன் மூக்கை இறக்கத்துக்குக் காட்டி, டயருக்கு முன்னால் கல்லோடு நின்றால் செல்ப் போய்விட்டது என்று ஊகிக்கலாம். காலையில் சாவியைத் திருப்பி, கல்லை எடுத்து, கிளச்சை மிதித்து இரண்டாம் கியரில் உருளவிட வேண்டும். வேகம் வந்ததும் கிளச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். செலவு, ஒரு கல்.

கோட்பாடு தோற்கும் இடங்களும் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் தட்டை. ஏப்ரல் சீசனில் அங்கே வண்டி படுத்தால், "அண்ணே, கொஞ்சம் தள்ளிவிடுங்க" என்று கெஞ்சுவதுதான் வழி. ஓட்டோ கியர் வண்டிக்கு அந்தக் கெஞ்சலும் பலிக்காது. நானுஓயா வரை உருண்டாலும் இஞ்சின் கண் திறக்காது.

ஆகவே ஒருநாள் செல்ப் மோட்டாரைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

அதற்குமுன், சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் முதற் சந்தேகம் பட்டரி மீது. உறைபனி கொழுந்தைக் கருக்கும் ஜனவரிக் காலையில் நல்ல பட்டரியும் சோர்ந்துவிடும். லைட் மங்காமல் எரிந்தால் குற்றம் சொலினொய்டிலோ தேய்ந்த கார்பன் பிரஷிலோ இருக்கலாம். ஸ்பேனர் பிடியால் மோட்டாரின் உடம்பில் மெல்லத் தட்டினால், சரியாகப் படாமல் நிற்கும் பிரஷ் மறுபடி தொட்டுக்கொண்டு உயிர் வருவதுண்டு. இந்த வைத்தியத்தை மாதக்கணக்கில் நீட்டிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

கழற்றுமுன் டயருக்கு இரண்டு பக்கமும் கல். அடுத்து பட்டரியின் நெகட்டிவ் வயர். அதை மறந்து ஸ்பேனர் போட்டவருக்குத் தீப்பொறியே பாடம் நடத்தும். மோட்டாரைப் பெரும்பாலும் இரண்டு, மூன்று போல்ட்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்கவேண்டும். சரிவில் படுத்து வேலை செய்பவரின் கையிலிருந்து நழுவும் நட்டு நேரே கீழ் லயத்துக்கு உருளும். "மாமா, இது ஒங்களுதா?" என்று பிள்ளைகள் ஏறிவந்து கொடுப்பார்கள். அது போன மாதம் வேறு வண்டியிலிருந்து உருண்ட நட்டாகவும் இருக்கலாம். மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.