காணிக்கைப் பையும் கெணத்து முறையும்

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். போன ஞாயித்துக்கெழம ஆராதனையில ஒம்மப் பாத்தேன். ரெண்டு கையும் மேல, ரெண்டு கண்ணும் மூடி, கன்னத்துல கண்ணீரு. பரலோகத்துக்கே ஏணி போட்டுட்டாருடான்னு நெனச்சேன். காணிக்கைப் பை பக்கத்துல வந்தப்பக்கூட கண்ணத் தொறக்கல பாரும், அங்கதான் வே ஒம்ம பக்தியோட ஆழம் தெரிஞ்சுது!

தப்பா நெனைக்காதீரும். கைய ஒசத்துறதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா சேகரக் கமிட்டிக்கு ஜெயிச்சு வந்ததும் மொத வேலையா புது ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கணும்னு தீர்மானம் போட்டீராமே? கர்மேல் மலைக் கதை தெரியும்லா? பாகாலோட தீர்க்கதரிசிங்க 450 பேரு காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கத்துனானுவ. ஒங்க சாமி ஒறங்குதோ என்னவோ, சத்தத்தக் கூட்டுங்கன்னு எலியா நையாண்டி பண்ணுனாரு. நம்ம ஆண்டவருக்கு காது நல்லாத்தான் கேக்குது வே. ஒறங்க முடியாமக் கெடக்கது கோயிலுக்கு எதுத்த வீட்டுத் தொட்டில் புள்ளதான்.

பாட்டுச் சங்கதிக்கு வருவோம். வேதநாயகம் சாஸ்திரியாரு 1774-ல நம்ம திருநெல்வேலியில பொறந்தவரு. தஞ்சாவூருக்குப் போயி ஆயுசு பூரா பாட்டுக் கட்டுனாரு. அவரு கீர்த்தனைய நீங்க மொத சரணம், கடைசி சரணம்னு ரெண்டே வெட்டா வெட்டிப்புடுதீங்க. நேரமில்லையாம். மிச்சம் புடிச்ச நேரத்துல அரை மணி நேரம் அறிவிப்பு வாசிக்கீங்க. அதுல ஒம்ம பேரு ரெண்டு தடவ வருது.

எங்கம்மை, ஒமக்கு ஆச்சி, மேடை ஏறுனதே இல்ல. உலையில அரிசி போடுததுக்கு முந்தி ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில இருக்க கலயத்துல போடுவா. உதடு மட்டும் அசையும், செபம் வெளியே கேக்காது. பானையில அரிசி கொறைஞ்ச நாள்லயும் அந்தக் கைப்பிடி கொறையாது. சேந்ததக் கோயில்ல கொண்டுபோய்க் கொட்டிட்டு, பேரக்கூடச் சொல்லாம வந்துருவா. இன்னைக்கும் சில வீட்டுல கலயம் இருக்கு. ஆனா பொன்னி உலைக்கு, ரேஷன் அரிசி ஆண்டவருக்கு! நொண்டி ஆட்டையும் குருட்டு ஆட்டையும் பலிக்குக் கொண்டாந்தவங்ககிட்ட, இத ஒங்க அதிகாரிக்குக் குடுத்துப் பாருங்கன்னு மல்கியா கேட்டாரு. நீரும் அந்த ரேஷன் அரிசிய எம்.எல்.ஏ. வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோய்ப் பாரும்.

சரி, ஒம்மக் கூப்பிட்ட விஷயத்துக்கு வாரேன். மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல ஒரு சிக்கலான எடம் இருக்கு. காணிக்கையோட பலிபீடத்துக்கிட்ட நிக்கயில சகோதரன் ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கனயே வச்சிட்டு மொதல்ல போயி ராசியாவுன்னு இயேசு சொல்லுதாரு. கவனிச்சீரா? ஒமக்கு அவன் மேல கோவம் இருந்தான்னு சொல்லல. அவனுக்கு ஒம்ம மேல கொறை இருந்தான்னு சொல்லுதாரு. 'எனக்கு யாரு மேலயும் கோவமில்ல மாமா'ன்னு நீரு தப்பிக்க வழியே வைக்கல.

இன்னொண்ணு. அவரு இதச் சொன்னது கலிலேயாவுல. பலிபீடம் இருந்தது எருசலேம்ல. நடந்தா மூணு நாள் வழி. அம்புட்டு தூரம் திரும்பிப் போயி, ராசியாகி, மறுபடியும் வந்து காணிக்கை போடணும். ஒம்ம அண்ணன் வீடு கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி. பங்குக் கெணத்துல அவரு முறையில நீரு மோட்டாரப் போட்டு ஒம்ம வாழைக்குத் தண்ணி பாய்ச்சுனது ஊருக்கே தெரியும். அசனப் பண்டிகையில அவரு மொதப் பந்தியில உக்காந்தாருன்னு நீரு மூணாம் பந்தி வரைக்கும் பசியோட நின்னதும் தெரியும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து திங்கத்தான் வே அசனமே!

அதனால வார ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் பிந்தி வந்தாலும் பரவாயில்ல, மொதல்ல அண்ணன் வீட்டுக்குப் போம். தண்ணி பாய்ச்சுனது தப்புன்னு வாயத் தொறந்து சொல்லும். கெணத்துல அடுத்த முறைய அவருக்கே விட்டுக்குடும். கண்ணீரு வந்தா அங்க விடும், அங்கதான் அதுக்குச் செல்லுபடி. மதினி கோவத்துல நாலு வார்த்த பேசுவா. தலையக் குனிஞ்சு கேட்டுக்கிடும், அதுவும் பிரசங்கந்தான். நம்ம ஐயரு பிரசங்கத்தவிட சுருக்கமாத்தான் இருக்கும்.