ஊர்த்திணை: உண்டலும் உண்டல் நிமித்தமும்

அன்பின் ஒழுக்கத்தை ஐந்து திணையாக வகுத்த நம் முன்னோர், லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவனுக்கு மட்டும் இலக்கணம் செய்யாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அன்றைக்கு எழும்பூர் ஸ்டேஷன் கிடையாது. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வு எல்லை: சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போகும் மகன்கள். மகள்களுக்கும் இது பொருந்தும்தான். ஆனால் வந்த அன்றைக்கே அவர்களைப் பரிமாறவும் சொல்லிவிடுவதால் தரவுகள் கலங்கிவிடுகின்றன.

முதலில் நிலம். சென்னை கடலும் கடல் சார்ந்த இடமும், ஆகவே நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இரவு ஒன்பது மணிக்கு மெஸ்ஸில் சாம்பார் என்று சொல்லி ஊற்றுகிற மஞ்சள் தண்ணீரைப் பார்த்துத் திருநெல்வேலிக்காரன் விடும் பெருமூச்சு இரங்கல் அன்றி வேறென்ன? அவன் போய்ச் சேரும் இடமோ தாமிரபரணி பாயும் வயற்காடு, ஐயத்துக்கு இடமில்லாத மருதம். மருதத்துக்கு வைகறையும் விடியலும் சிறுபொழுது. ரயிலும் விடிகிற நேரத்தில்தான் ஊரை நெருங்குகிறது. இதைத் தற்செயல் என்பார் கூற்றுப் பொருந்தாது.

இடையில் பாலை உண்டு. விருதுநகர் தொடங்கிக் கோவில்பட்டி வரை கரிசல் பூமி. வறண்ட நிலத்துக்கு ஏற்றபடி கருப்பொருளும் கெட்டுப்போகாத பண்டங்களே: சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அதற்கு முன்பே மணப்பாறை முறுக்கு வந்து போயிருக்கும். கடலைமிட்டாய்க்கு 2020இலும் முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே இருந்தும், ரயில் கடக்கும்போது பயணி அப்பர் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பாலையின் கொடுமை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கருப்பொருள்களை எண்ணும்போது தொல்காப்பியம் தெய்வத்துக்கு அடுத்த இடத்தை உணவுக்குத் தருகிறது. திருநெல்வேலி டவுனில் இந்த வரிசை சற்று ஆட்டம் காண்கிறது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள் என்பதால் கூட்டம் முன்கூட்டியே நிற்கும். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடுமே என்று, நின்ற இடத்திலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அப்பனும் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஆனால் இத்திணையின் தலையாய கருப்பொருள் அல்வா அன்று, சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைப்பது. தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுக்க வேண்டும். பின்பால்களில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், உரித்த பூண்டு எல்லாம் வெந்து, பாசிப்பருப்பும் சேர்ந்த பிறகு கடைசியாக முதல் பால். அது கொதித்துவிட்டால் திரிந்துபோகும். ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். இறக்கி வைத்துத்தான் எலுமிச்சம்பழம். எங்கள் ஆச்சி அந்த நேரத்தில் யாரோடும் பேசமாட்டாள். போன் அடித்தால் அது பாட்டுக்கு அடிக்கும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இவ்வளவு தேங்காய்ப்பால் உள்ளே போனால் வயிறு என்ன ஆகும் என்று வைத்தவர்களுக்கே தெரியும் என்பதற்கு இந்தத் துவையல் ஒன்றே சான்று.

இனி உரிப்பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் உண்டலும் உண்டல் நிமித்தமுமே என்று தோன்றும். அஃது அன்று. மருதத்துக்கு உரியது ஊடல். பழைய மருதத்தில் தலைவன் பரத்தை வீட்டிலிருந்து வருவான்; தலைவி வாயில் மறுப்பாள். நம் காலத்து மருதத்தில் மகன் அத்தை வீட்டிலிருந்து வருகிறான்.

வந்திறங்கியதுமே அம்மா, “எய்யா, எளைச்சுல்லா போயிட்ட” என்றிருப்பாள். பேண்ட் பட்டன் போட முடியாமல் பெல்ட்டில் நிற்கிறது என்ற புறச்சான்றை அவள் ஏற்பதில்லை. “அத்தைய சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துருதேன்” என்று போனவன் பதினொரு மணிக்குத் திரும்புகிறான்.

“அங்க என்ன வச்சிருந்தா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா ரெண்டு இட்லி.”

“தொட்டுக்கிட?”

“சொதி.”

அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

“அப்பச் சரி. இனி இங்க என்னத்துக்குப் பசிக்கப் போவுது.”

இந்த இடத்தில் பாணனுக்குரிய தூது வேலையை அப்பா ஏற்கிறார். “விடு, பிள்ள ராத்திரிக்குச் சாப்பிடுவான்.” “நீங்க செத்த சும்மா இருங்க” என்பது பதில். துறை: வாயில் மறுத்தல். அப்பா பேப்பருக்குத் திரும்பிவிடுகிறார். ஊடலைத் தீர்க்க ஒரே வழி, கையைக் கழுவிவிட்டு மறுபடியும் இலையின் முன் உட்காருவதுதான்.

அஃதேல், பசியாதவன் எங்ஙனம் உண்பான் எனின், பசி இத்திணைக்குரிய பொருளே அன்று என்க. ஒரு வேளைக்கு இரைப்பை ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் என்கிறது மருத்துவம். ஊரிலோ இரைப்பை என்பது பற்று வரவு நோட்டு. பெரியம்மை வீட்டில் முறுக்கைத் தொடாமல் வந்தால் அது அவள் பெயரில் பாக்கியாக நிற்கும். அடுத்த கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னிலையில் வசூலாகும். மதினி கொடுத்த காப்பியை வேண்டாமென்றால், “மெட்ராஸ்ல பெரிய காப்பி குடிக்கிறவக” என்று வட்டி ஏறும். ஆக, உண்பவன் யாரும் உணவை உண்பதில்லை. கணக்கை நேர் செய்கிறான்.

திரும்பும் நாள் பிரிவின்பாற் படும். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்பது ரயில்வே விதி. அம்மாவின் கட்டைப்பை அதற்கு அடங்குமா என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. இட்லிப்பொடி, சுண்டவத்தல், உடன்குடிக் கருப்பட்டி, கொல்லையில் பறித்த கறிவேப்பிலை. “கறிவேப்பில அங்கயே கெடைக்கும்மா” என்பவன் இத்திணையின் இலக்கணம் அறியாதவன். பைக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, அத்தை கொடுத்த அதிரசமும் இருக்கும். அதை அம்மா வைத்ததில்லை. பார்த்தாள், எடுத்து வெளியே வைக்கவும் இல்லை.

மாமியார் வீடும் அதே ஊரில் இருக்குமானால் மதியச் சாப்பாடு எவ்வீட்டுக்கு உரியது, அது மருதத்துள் அடங்குமா அல்லது பெருந்திணையா என்பது தனியே ஆராயத்தக்கது. அவ்வாய்வுக்கு என் வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.