குறித்த தேதிக்கு முன்னால்

புனேயின் லோஹேகாவ், தானோரி, விமான் நகர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில், புற்றுநோய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கே இந்த முறை முழு இடமும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பரவிவிடாதா? பயத்தில் படுத்தே கிடக்கிறேன்.

ப: பரவுமா என்று தேதி குறித்த டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்தான். ஆனால் படுக்கையை இன்றைக்கே விடுங்கள். இந்த மூன்று வாரமும் உங்கள் கையில் இருக்கிறது. டாக்டர் தடுக்காவிட்டால், லேசாக மூச்சு வாங்கும் அளவுக்குக் காலையிலும் மாலையிலும் நடங்கள். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் என்று சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டுங்கள். ரத்தம் குறைவாக இருந்தால் இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவி ஒன்று தருவார்கள். பலர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே நிற்க வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் வலிக்குப் பயந்து மேலோட்டமாகத்தான் மூச்சு விடுவோம். சளி தங்கி நிமோனியா வருவது அப்படித்தான். முன்னாலேயே பழகிய நெஞ்சு அன்றைக்குக் கைகொடுக்கும்.

கே: பீடியை ஆபரேஷன் அன்று விட்டால் போதாதா?

ப: போதாது. குறைந்தது நான்கு வாரம் முன்னால் விட்டவர்களுக்குச் சிக்கல் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. தேதி அதைவிடப் பக்கத்தில் இருந்தாலும் இன்றே விடுங்கள். வாயில் அடக்கும் புகையிலையும் இதில் சேர்த்திதான்.

கே: அப்பாவுக்கு வாயில் புற்று. "சின்னக் கட்டி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அப்படியே விட்டுவிடலாமா?

ப: வேண்டாம் அம்மா. பெரிய ஆபரேஷன் என்றால் மூக்கில் சாப்பாட்டுக் குழாயோடு கண் விழிக்கலாம், தொண்டையில் மூச்சுக்குத் துளை போட்டிருக்கலாம். சில நாள் பேச்சே வராது. ஒன்றும் தெரியாமல் அந்த நிலையில் கண் விழிப்பவர் என்ன பாடு படுவார்! "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிறகு நீங்களும் அப்பாவும் உட்கார்ந்து வலி, தாகம், மூச்சு, ஆளைக் கூப்பிடு, இந்த நாலுக்கும் கைச்சாடை பழகுங்கள். ஒரு சிலேட்டும் வாங்கி வையுங்கள்.

கே: "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கை ஓடவில்லை.

ப: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொருவருக்கும் கை நடுங்கியிருக்கிறது. 1924 ஜனவரி 12. எரவாடா சிறையிலிருந்து காந்தியைக் குடல்வால் அழற்சிக்காகச் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அறுத்தவர் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேயர். கைதிக்கு ஏதாவது ஆனால் நாடே கொந்தளிக்கும் என்பதால் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. அதை எழுதியவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. காந்தி படித்துப் பார்த்து, நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். ஆபரேஷன் நடுவில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கில் முடித்தார்கள். அவர் அதற்குப் பிறகு 24 வருடம் இருந்தார். அவருடையது புற்று அல்ல, உங்களுடையது பெரிய ஆபரேஷன், தெரியும். ஆனாலும் அவரைப் போலப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். எந்த உறுப்பை எடுக்கிறார்கள், எத்தனை நாள் ஐசியு, வயிற்றில் பை வைப்பார்களா என்று கேளுங்கள். மராட்டியோ ஹிந்தியோ பாதிதான் புரிகிறதென்றால் மொழி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போங்கள். கேள்விகளை எழுதி எடுத்துப்போவதில் வெட்கமே வேண்டாம்.

கே: தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மாமியார் ஒப்பவில்லை.

ப: ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடும் அபாயம் உண்டு. மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்று நர்ஸைக் கேளுங்கள். தாலியை மாமியார் கையிலேயே கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் நீங்க வச்சிருங்க அத்தை" என்று சொல்லுங்கள். ஒப்பிவிடுவார்.

கே: காலையில் ஒரு டீ?

ப: பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, ஆறு மணி நேரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்க விடுகிறார்கள். உங்களுக்கு எது என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

கே: இரவெல்லாம் தூக்கமில்லை. சுகோய் விமானச் சத்தம் என்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கிறேன்.

ப: சுகோய் பாவம், விட்டுவிடுங்கள் சகோதரி! வீட்டில் ஒருவரிடமாவது "பயமா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது தூக்கமின்மையையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் முந்தின இரவுக்கு மாத்திரை தருவார்.

கே: இரண்டாவது அபிப்பிராயத்துக்கு மும்பை டாடா மருத்துவமனைக்குப் போகிறோம். எதை எடுத்துப்போவது?

ப: ஃபைல் மட்டும் போதாது. பயாப்சி செய்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். திரும்பப் பரிசோதிக்க அவைதான் வேண்டும். மருத்துவமனை சான்றிதழ் இருந்தால் ரயிலில் சலுகை உண்டு, கூட வருபவருக்கும்தான். டெக்கான் குயீனில் போனால் தாதரில் இறங்கிவிடலாம், மருத்துவமனை இருக்கும் பரேல் அங்கிருந்து பக்கம். மெழுகுக் கட்டியை வெயில் படாமல் கைப்பையில் வையுங்கள், சூட்டில் இளகிவிடலாம்.