பூட்டிய புகார்ப் பெட்டியும் சாவிப் பிரச்சினையும்: திருப்புலிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

சங்க இலக்கியத்தில் உப்பு, உமி, உரல், உலக்கை என்று எல்லாவற்றுக்கும் பட்டம் வாங்கியாகிவிட்டது. மிச்சமிருக்கும் தலைப்புகளுக்குத் துறைத்தலைவரின் மைத்துனர்கள் முன்பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே யாரும் கைவைக்காத ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. காஞ்சிபுரம் - உத்திரமேரூர் சாலையில், திருப்புலிவனத்தை ஒட்டி, ஓர் அலுவலகத்து வராந்தாவில் தொங்கும் தகரப் பெட்டிதான் அது. 'பொதுமக்கள் தங்கள் குறைகளையும் ஆலோசனைகளையும் இதில் இடவும்' என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறது. இட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதே ஆய்வுச் சிக்கல். அலுவலகத்தின் பெயர் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் தங்கள் ஊர் அலுவலகத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், முடிவுகள் மாறா.

பெட்டியின் நிறம்

நீலம் என்பர் ஒரு சாரார். துரு என்பர் மற்றொரு சாரார்.

பேனா

நூல் இருக்கிறது.

வாய்

பெட்டியின் வாய் ஒரு தபாலட்டை நுழையும் அளவு. அதில் இடப்பக்கம் பாதியைக் குளவி மண்ணால் பூசியிருக்கிறது. வலப்பக்கம் பாதியில் யாரோ பேருந்துச் சீட்டைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். குளவி முந்தியதா, சீட்டு முந்தியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (விரிவுக்குக் காண்க: வராந்தாத் திண்ணை வாய்மொழி மரபு, மதிய உறக்கத்துக்கு முந்தைய படலம்). இரண்டும் சேர்ந்து புகாரை உள்ளே விடுவதில்லை என்பதில் மட்டும் எல்லாப் பள்ளியினரும் உடன்படுகின்றனர்.

வெனிஸ் நகரத்தில் அரண்மனைச் சுவரில் சிங்க முகம் செதுக்கி, அதன் வாய்க்குள் புகார்ச் சீட்டைப் போடச் சொன்னார்கள். நம் ஊர் புலி ஊர். புலிக்கால் கொண்ட வியாக்கிரபாதர் வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்கிரபுரீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் விலங்கின் வாயை எடுத்துக்கொண்டார்கள், நாம் காலை எடுத்துக்கொண்டோம். மனு கொடுக்கப் போகிறவனுக்கு இங்கே வாயைவிடக் கால்தான் அதிகம் தேவைப்படுகிறது என்பதால் இது தீர்க்கதரிசனம் என்றே கொள்ள வேண்டும்.

சாவி

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம்.

பெட்டியில் பூட்டு இருக்கிறது. ஆகவே சாவி இருந்திருக்க வேண்டும் என்பது அனுமானப் பிரமாணம். பிரத்தியட்சப் பிரமாணம் கிடைக்கவில்லை. ஆப்த வாக்கியத்தை நாடி, வராந்தாவுக்கு எதிரே உள்ள டீக்கடை மாஸ்டரை அணுகியபோது அவர் சொன்னது இது: "சாவியா? அது அப்போ இருந்த கிளார்க்காண்ட இருந்துச்சு சார். அவரு மாத்தலாகிப் பூட்டாரு. போறப்போ இவருகிட்ட குடுத்தாருன்றாங்க. இவரு இன்னா, அது சைக்கிள் சாவின்றாரு."

இந்த ஒரே பாடத்தை வைத்து அறிஞர் உலகம் மூன்றாகப் பிளந்திருக்கிறது. சாவி உண்டு, அது மேசை இழுப்பறையில் உண்டு, ஆனால் இழுப்பறையும் பூட்டியிருக்கிறது என்பது முதற்பள்ளி. சாவி என்று ஒன்று இல்லை, பூட்டு மட்டுமே மெய், சாவி அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் தோற்றம் என்பது இரண்டாம் பள்ளி. ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் இதில்தான் சேர்கிறார்கள். மூன்றாம் பள்ளியினர் சாவியும் சைக்கிள் சாவியும் ஒன்றே என்பர். இவர்கள் சிறுபான்மையினர், எனினும் சைக்கிள் அவர்களிடம் இருக்கிறது. (காண்க: டீக்கடை பெஞ்சுச் சாசனம், வடக்குக் கால், மூன்றாம் கீறல். அதை மறுத்தெழுந்த பஞ்சர் கடைப் பலகை, சுண்ணாம்புப் பாடம். இரண்டையும் ஒப்புநோக்கி மறுத்த, ஆனால் மழையில் அழிந்துபோன, தண்ணீர்த்தொட்டிக் கரி உரை. அதற்கு ஆட்டுக்குட்டி ஒன்று தின்றது போக எஞ்சிய அரும்பதவுரை.)

சாவியை இவ்வளவு தூரம் துரத்துவது வீண் என்பவர்கள் வரலாறு படிக்க வேண்டும். ஜப்பானில் 1721-இல் எட்டாம் ஷோகன் யோஷிமுனே எடோ நகரத்தில் ஒரு மனுப்பெட்டி வைத்தார். பெயரும் முகவரியும் இல்லாத மனுவை எரித்துவிடுவார்கள். பெட்டியைப் பூட்டியபடியே அவர் முன் கொண்டுபோய் வைப்பார்கள். சாவி ஷோகனிடமே இருந்தது. ஊர் வைத்தியர் ஒருவர் ஏழைகளுக்கு மருத்துவமனை வேண்டும் என்று எழுதிப் போட்டார். 1722-இல் கொய்ஷிகாவாவில் மருத்துவமனை வந்தது. சீனத்தில் பேரரசி வூ சேதியன் 686-இல் நான்கு அறை கொண்ட வெண்கலப் பெட்டி செய்துவைத்தார். போட்டதை வெளியே எடுக்க முடியாதபடி அதன் அமைப்பு. அந்தத் தொழில்நுட்பத்தை நாம் முழுமையாகக் கைக்கொண்டுவிட்டோம். அதை அரசியாலும் எடுக்க முடியாதபடி செய்ததே நம் பங்களிப்பு.

நம் பக்கத்தில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிக்குப் பூட்டே இல்லை. கன்றைப் பறிகொடுத்த பசு நேரே போய் அடித்தது. இன்று திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் உண்டு. பசு அங்கே போனால் முதலில் டோக்கன் வாங்க வேண்டும்.

கல்வெட்டுச் சான்று

உத்திரமேரூர் பக்கத்திலேயே இருந்தும் குடவோலையைத் தொடாமல் ஓர் ஆய்வை முடித்தால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். குடும்புதோறும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். குடத்தைச் சபையார் எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். எதுவும் அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் அர்ச்சகர்களான நம்பிமாரும் ஒவ்வொருவராக அதையே வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவன் உறவினர் பெயரும் போகாது.

ஐந்து விரல் விவரம் ஒன்று போதும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைக்கும் கலை 921-க்கு முன்பே இங்கு செழித்திருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று கிடையாது. ஆனால் நம் பேராசிரியர்கள் மேடையில் இதைச் சொல்லமாட்டார்கள். உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தது உத்திரமேரூர் என்பதோடு பொன்னாடை வாங்கி இறங்கிவிடுவார்கள். வரி கட்டும் நிலமும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்து வயதும் இல்லாதவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை என்ற வரி அதே சுவரில் அதே உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அது மட்டும் தெரிவதில்லை. கல்வெட்டைக் கண்ணால் பார்க்காமலே, பார்த்தவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டியவரை மேற்கோள் காட்டி, பணம் கட்டிக் கருத்தரங்கத் தொகுப்பில் அச்சேறி, பதவி உயர்வும் பெற்றவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது முறையல்ல.

குடத்துக்கும் பெட்டிக்கும் உள்ள ஒற்றுமை: இரண்டிலும் எழுத்து உள்ளே போகிறது. வேற்றுமை: குடத்துக்கு வாய் மேலே.

அடிப்பாகம்

இந்த இயலை எழுதும் எண்ணமே இருக்கவில்லை. எந்த ஆய்வாளரும் பெட்டியின் அடியைப் பார்ப்பதில்லை. நெற்றியைப் படித்துக் குறிப்பெடுத்துத் திரும்பிவிடுவதே மரபு. எதிர்க்கடையில் மசால்வடை கேட்டபோது மாஸ்டர் ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார். கோடு போட்ட நோட்டுத்தாள், நான்காக மடித்த தடம். 'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில் குழாயில் தண்ணி' என்பது வரை படிக்க முடிந்தது, அதற்குமேல் எண்ணெய்.

விசாரித்ததில் பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்து நெடுநாள் ஆகிறது. குளவிக்கும் பேருந்துச் சீட்டுக்கும் தப்பி உள்ளே விழும் மனு நிற்காமல் வராந்தாவில் விழுகிறது. பெருக்கும் அம்மா, "எழுதுன காகிதத்த குப்பையில போட மனசு வரலப்பா" என்று அவற்றைச் சேர்த்து எதிர்க்கடையில் கொடுத்துவிடுகிறார். கடையில் ஒவ்வொரு மனுவும் வாசிக்கப்படுகிறது. சில வேளை பக்கத்தில் இருப்பவரும் வாங்கி வாசிக்கிறார். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றது, எங்கே கால்வாய் அடைத்தது என்று கடை பெஞ்சுக்குத் தெரியாத குறை இந்த வட்டாரத்தில் இல்லை.

மேற்படி தண்ணி மனுவில் தேதி இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு ஆறேழு ஆண்டுப் பழமை சொல்லலாம் என்பது என் துணிபு. மாஸ்டர் இதை ஏற்கவில்லை. எண்ணெயைப் பார்த்து, நேற்றைய ஈடு என்கிறார்.