தானியப் பெட்டி ஜீர்ணோத்தாரணம்: ஒரு சாஸ்திர விசாரணை

ஆலயங்களைப் புதுப்பிக்கும் முறைமையைப் பற்றி ஆகமங்கள் இவ்வளவு விஸ்தாரமாகப் பேசியிருக்க, பால்கனிக் கம்பியில் தொங்கிக்கொண்டு குருவிகளுக்குத் தானியம் வழங்கும் மலிவு விலை மரப்பெட்டியைப் புதுப்பிக்கும் முறைமையைப் பற்றி முன்னோர் ஒருவரும் ஒரு சூத்திரங்கூட இயற்றாமற் போனது சாஸ்திர உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறையாகும். அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் வஸ்துவின் லட்சணத்தைக் கூறுவோம். பெரும்பாலும் சரக்குப் பெட்டியின் பைன் மரச் சட்டங்களைப் பிரித்து அடிக்கப்பட்டதாய், இருபுறமும் சரிந்த கூரையும் நான்கு கால்களும் விளிம்பு கட்டிய ஒரு தட்டும் உடையதாய் இருப்பது அது. ஒரு மழைக்காலம் கழிந்தால் கூரை சாம்பல் பூக்கும். ஆணிகளைச் சுற்றித் துருக்கறை வழியும். தட்டின் மூலையில் ஊறிய கம்பு பூசணம் பிடிக்கும். இவ்வவஸ்தையை எய்திய பெட்டியே திருப்பணிக்கு உரியது.

இனி, அலங்காரம் யார் பொருட்டு என்னும் விவாதம். மனிதக் கண்ணில் நிறமறியும் அணுக்கள் மூவகையாயிருக்க, பறவைக் கண்ணில் அவை நால்வகை. நமக்குப் புலனாகாத புற ஊதா ஒளியும் பல பறவைகளுக்குப் புலனாகும். ஆஸ்திரேலியாவில் ஒருவகைப் பறவை நீலப் பொருள்களாகத் தேடிப் பொறுக்கித் தன் பந்தலின் வாசலில் பரப்பி வைக்கிறது. ஆகவே பெட்டிக்குப் பளபளக்கும் நீல எனாமல் அடிப்பதே தர்மம் என்பது பூர்வபட்சம். இக்கொள்கையை ஹார்டுவேர் கடைக்காரர்கள் மிக்க உற்சாகத்துடன் ஆதரிப்பார்கள். இதற்குச் சமாதானம் கூறுவோம்: அப்பறவை அலங்கரிப்பது பெட்டையை வசீகரிப்பதற்கேயன்றிப் பசியாறுவதற்கன்று. நம் சிட்டுக்குருவியோ, தானியம் இருந்தால் நிறம்போன பெட்டிக்கும் வரும். தானியம் ஒழிந்தால் பொன் வேய்ந்த பெட்டியையும் திரும்பிப் பாராது. இது பிரத்தியட்சம். அங்ஙனமாயின் வர்ணம் வீணோ எனின், அன்று. மரத்துக்கு அது கவசம், உடைமையாளர் கண்ணுக்கு விருந்து.

செய்முறை வருமாறு. திருப்பணிக்கு முன் பாலாலயம் அவசியமாதலின், ஒரு கொட்டாங்கச்சியில் கம்பிட்டு அதே கம்பியில் கட்டிவிடுக. பின்னர்ப் பெட்டியைச் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, மரத்தின் ரேகை ஓடும் திக்கிலேயே உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். நீட்டிய ஆணிமுனைகளை மடக்கி அடித்து, தட்டின் நான்கு மூலைகளிலும் நீர் வடியத் துளையிடுக. நீரில் கரையும் வெளிப்புற வர்ணத்தைக் கூரைக்கும் கால்களின் வெளிப்பக்கத்துக்கும் மாத்திரம் பூசுக. குருவி கொத்துகையில் உரியும் வர்ணச் செதில் அதன் வயிற்றுக்குள் செல்லுமாதலால் தட்டுக்கு ஒருபோதும் பூசலாகாது. பழைய டப்பாவில் மிஞ்சிய வர்ணத்தையும் விலக்குக. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று இந்திய அரசு விதி வகுத்ததே 2016இல்தான். ஆளிவிதை எண்ணெய் பூச விரும்புவோர், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாது விரித்து உலர்த்தக் கடவர்; அவ்வெண்ணெய் காற்றுடன் கூடி இறுகுகையில் வெப்பம் பிறந்து, சுருட்டிய துணி தானே தீப்பற்றுவதுண்டு. நிறங்களுள் செங்காவி உத்தமம். ஆயினும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டினால் அண்டை வீட்டார் பிரதட்சிணம் செய்யத் தொடங்கிவிடக்கூடுமாதலின், ஒரே நிறம் போதும்.

வாசனை முற்றும் நீங்குமட்டும், ஒரு வாரமேனும், பெட்டியை நிழலில் காற்றாட வைத்துப் பின் மாட்டுக. இந்நிலையில் ஆப்தவாக்கியம் ஒன்றும் கிடைக்கப்பெற்றோம். புதுக்கோலம் பூண்ட பெட்டியை அண்ணாந்து பார்த்த கீழ்வீட்டுப் பாட்டியம்மாள், “பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, உள்ளே கம்பு எங்கே?” என்று வினவினார். சாஸ்திரம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கும்.

ஆதலால் எம் முடிபு இது: கோயிலுக்குப் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு, பெட்டிக்கோ ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் பூச்சும், பதினைந்து நாளைக்கொரு கழுவலும், நாள்தோறும் ஒரு பிடி கம்போ தினையோ நொய்யரிசியோ வேண்டும். இம்மூன்றில் முதலாவது தவறினும் குற்றமில்லை, மூன்றாவது தவறலாகாது.